கேஜ் முள்ளை நம்பி வாங்கிய எஞ்சின்

போன வருஷம் நவம்பரில் பழைய அவுட்போர்டு எஞ்சின் ஒன்று வாங்கினேன், வள்ளத்தின் பின்னால் மாட்டுவது. 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுவது. விலை 68,000 ரூபாய். அடுத்த மூன்று மாதத்தில் அதே எஞ்சினுக்கு இன்னும் 32,500 ரூபாய் செலவானது. 27 நாள் தொழிலுக்குப் போகவில்லை. ஒரு பகல் முழுக்க எஞ்சின் இல்லாமல் கடலில் கிடந்தோம். இத்தனைக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கேஜ் வைத்துப் பார்த்தால் போதும் என்று என்னைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

எங்கள் ஊர் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில். ஏழு வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தேன். அப்பாவுக்கு மூட்டுவலி, கடலுக்குப் போக முடியவில்லை. ஃபைபர் வள்ளம் கரையில் சும்மா கிடந்தது, அதில் இருந்த எஞ்சின் துருப்பிடித்துப் போயிருந்தது. புது எஞ்சினுக்குக் கையில் பணம் இல்லை. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பக்கத்து ஊரில் ஓர் எஞ்சின் விலைக்கு இருக்கிறது என்று தகவல் வந்தது. வெளியே பெயிண்ட் புதுசு. மேல் மூடியைக் கழற்றினால் உள்ளேயும் துடைத்து வைத்தது போல இருந்தது. விற்றவரே ஒரு கேஜ் எடுத்து வந்தார். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, கேஜைச் சொருகி, கயிற்றை நாலைந்து இழுப்பு இழுத்தார். மேல் சிலிண்டர் 116 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு), கீழ் சிலிண்டர் 112. "பாத்துக்கோ தம்பி, புது எஞ்சின்ல கூட இவ்வளவு வராது" என்றார். அந்த வார்த்தையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய் சீக்கிரம் தட்டத் தொடங்கிவிடும், அதாவது சீராக எரியாமல் தானாக வெடித்து அடிக்கும் எரிபொருள் என்பதால், மண்ணெண்ணெய் எஞ்சின்களை பெட்ரோல் எஞ்சின்களைவிடக் குறைந்த கம்ப்ரஷனில்தான் செய்கிறார்கள். ஓடித் தேய்ந்த மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்று புதுசைவிட அதிகம் காட்டுகிறது என்றால் சந்தோஷப்படக் கூடாது, ஏன் என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. அன்றே பணத்தைக் கொடுத்து, எஞ்சினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் தண்ணீர் டிரம்மில் நிறுத்தி முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது வெள்ளைப் புகை அப்படி வந்தது. தெரு முழுக்க மூட்டம். ரொம்ப நாள் ஓடாமல் கிடந்த எஞ்சின், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் புகை குறைந்தது. மூன்று வாரம் நன்றாகவே ஓடியது. அப்புறம் சுமையோடு வரும்போது இழுவை குறைந்தது. காலையில் நாலு இழுப்பில் பிடித்த எஞ்சின் பதினைந்து இழுப்பு கேட்டது. மெக்கானிக் ஒருவர் கார்பரேட்டரைக் கழுவினார், இக்னிஷன் காயிலை மாற்றினார், இரண்டு பிளக்கும் புதுசு போட்டார். 4,200 ரூபாய், ஐந்து நாள். சிலிண்டரை யாருமே பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை, அதைத்தான் வாங்கும்போதே பார்த்துவிட்டோமே என்ற நினைப்பு.

அவர் கழற்றிப் போட்ட பழைய பிளக்குகள் இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கீழ் சிலிண்டர் பிளக் காப்பிப்பொடி நிறத்தில், லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிறது. அது சரியான நிறம். மேல் சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானை வெயிலில் திருப்பிப் பார்த்தால் உப்புத் தூள் போலப் பொடிப்பொடியாக வெள்ளிப் புள்ளிகள் மின்னும். அது உப்பு இல்லை, பிஸ்டனின் அலுமினியம். பிஸ்டன் சிலிண்டரின் உள்சுவரான லைனரில் உரசி, உருகித் தெறித்து பிளக்கில் ஒட்டியிருக்கிறது. எந்தக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம், கண் இருந்தால் போதும். பிளக்கைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் துடைப்பதற்கு முன்னால் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எது மேல் சிலிண்டருடையது, எது கீழ் சிலிண்டருடையது என்று மாறிப்போகாமல் தனித்தனியாக வையுங்கள். மெக்கானிக்கிடமும் பழைய பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

ஜனவரியில் ஒரு நாள் சித்தப்பாவும் நானும் கணவாய்த் தூண்டிலுக்குப் போயிருந்தோம். காலை ஒன்பது மணி இருக்கும், இடம் மாறலாம் என்று கிளம்பினோம். எஞ்சின் சத்தம் திடீரென்று கனத்தது. கிறீச்சென்று ஒரு இழுப்பு, அப்படியே நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தேன், வரவில்லை. சுவரில் அடித்த ஆணியை இழுப்பது போல இருந்தது. எஞ்சின் தலையைத் தொட முடியாத சூடு. எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பின்பக்கம் ஊசி மாதிரி அடிக்க வேண்டிய தண்ணீர் எப்போது நின்றது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. 18 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழம், நங்கூரம் போட்டோம். போனில் டவர் வருவதும் போவதுமாக இருந்தது. கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழைக்கலாமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "காத்து அடங்கித்தான் கெடக்கு, நம்ம ஆளுங்க யாராவது வருவாங்க, பொறு" என்றார். சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் ஒரு வள்ளம் வந்து கயிறு கட்டி இழுத்தது. அந்த எட்டரை மணி நேரத்தில் சித்தப்பா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. 61 வயசு மனுஷர், வெயிலில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாடை கடுத்து அடிக்கும் நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றைக்கும் சில ராத்திரிகளில் வருகிறது.

இந்தத் தடவை வேறு ஊரில் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். நாற்பது வருஷமாக அவுட்போர்டு மட்டும் பார்ப்பவர். அவர் உடனே எஞ்சினைப் பிரிக்கவில்லை. முதலில் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தார். மறுநாள் ஃபிளைவீலைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தார், பிஸ்டன் விட்டுக் கொடுத்தது. ஊறிய ஆயில் வெளியே வரும்வரை கயிற்றை இழுத்துவிட்டு, பிறகுதான் கேஜ் வைத்தார். கீழ் சிலிண்டர் 84, மேல் சிலிண்டர் 41. நான் வாங்கிய அன்றைக்கு வந்த அளவைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மொதல்ல ஸ்டார்ட் பண்ணும்போது வெள்ளையா பொகை வந்துச்சா?"

விஷயம் இதுதான். தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கும், கம்ப்ரஷன் அந்த வழியாகக் கசியும். பிளக் ஓட்டை வழியாக கெட்டியான எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிவிட்டால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அப்போது கேஜ் வைத்தால் முள் ஏறி நிற்கும். ஸ்டார்ட் செய்ததும் அந்த ஆயில் எரிந்து புகையாகப் போகும், எஞ்சின் தன் பழைய நிலைமைக்கு வந்துவிடும். எனக்கு விற்றவர் அப்படிச் செய்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஓடாமல் வைக்கும்போது துருப்பிடிக்காமல் இருக்க ஆயில் விட்டு வைப்பது நல்ல பழக்கமும் கூட. அதனால் அவர் மேல் பழி போடவில்லை. ஆனால் அன்றைக்கு எஞ்சினை டிரம்மில் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு, சூடாக இருக்கும்போதே கேஜ் வைத்திருந்தால் எனக்கு உண்மை தெரிந்திருக்கும். பழைய எஞ்சினைக் குளிர்ந்தபடி அளந்து காட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். முதலில் ஓட்டுங்கள், புகை அடங்கட்டும், அப்புறம் அளந்து பாருங்கள்.

அளக்கும் முறையிலும் நான் தப்பு செய்திருக்கிறேன். பெரியவரிடம் பார்த்ததும், சொந்தமாக ஒரு கேஜ் வாங்கினேன். கையால் அழுத்திப் பிடிக்கும் ரப்பர் முனை உள்ளதை வாங்காதீர்கள், அது கசியும். பிளக் போலத் திருகிப் பூட்டும் குழாய் உள்ளதை வாங்குங்கள். நம் எஞ்சின்களில் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர் திருகு. என்னுடையது 1,150 ரூபாய். எஞ்சின் சரியாகி வந்த பிறகு முதல் தடவை நானே அளந்தபோது 70 கூட ஏறவில்லை, பதறிப்போய் அவருக்கு போன் செய்தேன். "ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடிச்சியா?" என்றார். பிடிக்கவில்லை. காற்று உள்ளே போகும் வழியான திராட்டில் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் காற்றே போதாது, பிறகு எதை அழுத்திக் காட்டும்? கியர் நியூட்ரலில் இருக்கும்போது கைப்பிடி முழுசாகத் திருகாத எஞ்சின்களில், கார்பரேட்டர் கம்பியை ஒருவர் கையால் முழுசாகத் திறந்து பிடிக்க வேண்டும். இரண்டு பிளக்கும் கழன்றிருக்க வேண்டும், ஒன்று மட்டும் கழற்றினால் இழுப்பு வேகம் கிடைக்காது. முள் இனி ஏறவில்லை என்று நிற்கும்வரை இழுக்க வேண்டும், ஐந்தாறு இழுப்பில் நின்றுவிடும். இரண்டு சிலிண்டருக்கும் ஒரே ஆள், ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். மேல் சிலிண்டருக்கு நானும் கீழ் சிலிண்டருக்கு களைத்துப்போன தம்பியும் இழுத்தால் அந்த அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இதில் ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. பிளக் வயர்களைச் சும்மா தொங்கவிட்டுக் கயிற்றை இழுக்கக் கூடாது. ஓட்டை வழியாக எரிபொருள் ஆவி பீய்ச்சும், பக்கத்தில் வயர் தீப்பொறி விட்டால் பற்றிக்கொள்ளும். தீப்பொறி போக வழியில்லாவிட்டால் இக்னிஷன் பெட்டியும் கெட்டுப்போகலாம். எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் கிளிப்பை உருவிவிடுங்கள், கூடவே வயர்களைப் பிளக்கில் மாட்டி பிளக்கின் உடம்பை எஞ்சின் உலோகத்தில் படும்படி, ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள்.

அப்புறம் எண்கள். பலரும் என்னிடம் கேட்பது, எவ்வளவு வந்தால் நல்ல எஞ்சின் என்று. மாடலுக்கு மாடல் மாறும், கேஜுக்குக் கேஜ் மாறும். ஒரே எஞ்சினில் இரண்டு கேஜ் வைத்தால் எட்டு பத்து வித்தியாசம் சாதாரணமாக வருகிறது. அதனால் எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சரி. பதினைந்தைத் தாண்டினால் அந்த எஞ்சினைத் திறக்காமல் கடலுக்குக் கொண்டு போகாதீர்கள். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் வித்தியாசம் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். கார்பன் நிறையப் படிந்திருந்தாலும் எரியும் இடம் சுருங்கி அளவு கூடத்தான் காட்டும், மண்ணெண்ணெய் எஞ்சினில் கார்பனுக்குப் பஞ்சமே இல்லை.

கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்து பார், அளவு ஏறினால் ரிங் போச்சு, ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) என்று பைக் மெக்கானிக்குகள் சொல்வார்கள். அவுட்போர்டுக்கு இதை அப்படியே நம்ப வேண்டாம். இதில் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கிறது. கொஞ்சமாக விட்ட ஆயில் கீழ்ப்பக்கம் தேங்கி நின்றுவிடலாம், சுற்றிலும் சீராகப் பரவும் என்று சொல்ல முடியாது. பெரியவர் அதற்குப் பதிலாக வேறு ஒன்று செய்தார். பிஸ்டனைச் சரியாக உச்சிக்குக் கொண்டுவந்து, ஃபிளைவீல் திரும்பாமல் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, பிளக் ஓட்டை வழியாக கம்ப்ரஸர் காற்று விட்டார். காற்று பக்கத்து சிலிண்டரின் பிளக் ஓட்டையில் வந்தால் இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது. தண்ணீர் அடிக்கும் துளையில் வந்தால் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் ஓடும் பாதைக்குக் கசிகிறது. இரண்டும் இல்லாமல் உஸ்ஸென்று உள்ளுக்குள்ளேயே போனால் ரிங்கும் லைனரும்தான். என் எஞ்சினில் உள்ளுக்குள்தான் போனது.

கடைசியாக அவர் ஒரு சின்ன கேமராவை எடுத்தார். போனில் மாட்டிப் பார்ப்பது, கம்பி போல நீளமாக, முனையில் விளக்கோடு இருக்கும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கிறது. வாங்கினால் முனை 5.5 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதாக, பக்கவாட்டிலும் பார்க்கக்கூடியதாக வாங்குங்கள். நேராக மட்டும் பார்க்கும் கேமராவில் பிஸ்டன் தலைதான் தெரியும், சுவர் தெரியாது. சுவரில்தான் கதையே இருக்கிறது. கீழ் சிலிண்டரின் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னல் போட்டது போல மெல்லிய கோடுகள் இன்னும் தெரிந்தன. கம்பெனியில் லைனரைத் தேய்க்கும்போது ஆயில் தங்குவதற்காக வேண்டுமென்றே விடும் கோடுகள் அவை. அவை தெரிந்தால் லைனர் அதிகம் தேயவில்லை என்று அர்த்தம். மேல் சிலிண்டரில் அப்படி எதுவும் இல்லை. புகை வெளியேறும் பெரிய ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாகக் கீறல்கள், நகத்தால் பிறாண்டிய சுவர் மாதிரி. சில கீறல்களுக்கு நடுவில் அலுமினியம் வெள்ளையாக அப்பியிருந்தது. அந்தப் பக்கம்தான் அதிகச் சூடு, அதனால் உரசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும் என்றார். அந்தக் கீறல்களில் சிலவற்றின் மேல் கருப்பாகக் கார்பன் படிந்திருந்தது. அதாவது அவை அன்றைக்குக் கடலில் விழுந்தவை இல்லை. நான் வாங்குவதற்கு முன்பே இருந்தவை. அதைப் போனில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆயிரம் ரூபாய் கேமராவும் பத்து நிமிஷமும் போதுமாக இருந்திருக்கிறது.

பிஸ்டன் தலையையும் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே சீராகக் கார்பன் படிந்து பழுப்பாக இருந்தால் பயமில்லை. ஒரு பகுதி மட்டும் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தால் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கலாம். ஓரம் எலி கடித்தது போலப் பொரிந்திருந்தால் எரிபொருள் தட்டியிருக்கிறது. தேங்கிய துரு தெரிந்தால் அந்த எஞ்சின் எப்போதோ தண்ணீரில் மூழ்கியிருக்கலாம்.

பிரித்தபோது காரணமும் கிடைத்தது. தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லரில் இரண்டு இதழ் இல்லை. ஹெட்டைச் சுற்றியுள்ள தண்ணீர்ப் பாதையில் உப்பு கல்லாக இறுகிக் கிடந்தது, ஸ்க்ரூடிரைவரால் குத்தித்தான் எடுத்தார். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுவதால் குறைந்தபோது மேல் சிலிண்டர்தான் முதலில் காய்ந்தது. இரண்டு சிலிண்டரையும் போர் அடித்து (உள்ளே கடைந்து அகலமாக்கி) 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டது 16,500. கேஸ்கட், சீல், இம்பெல்லர் எல்லாம் சேர்த்து 5,800. கூலி 6,000. பிஸ்டன் வர இரண்டு வாரம் ஆனதால் 22 நாள் போனது. எஞ்சின் விலையும் சேர்த்து ஒரு லட்சத்து ஐநூறு ரூபாய். அந்த நாட்களில் அப்பா தினமும் சாயங்காலம் கடற்கரைக்கு நடந்து போய் வள்ளத்தைப் பார்த்துவிட்டு வருவார், எஞ்சின் எப்போது வரும் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

புது ரிங் படியும்வரை முதல் பத்து மணி நேரம் ஆயிலைக் கொஞ்சம் கூட்டிக் கலந்து, முழு வேகம் கொடுக்காமல் ஓட்டினேன். அதற்குப் பிறகு அளந்ததில் 94, 92. கரைக்கு வந்ததும் அணைப்பதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றி மண்ணெண்ணெய் தீரும்வரை ஓட்டுகிறேன், நல்ல தண்ணீர் டிரம்மில் ஐந்து நிமிஷம் ஓடவிடுகிறேன். பின்பக்கம் தண்ணீர் அடிக்கிறதா என்று இப்போது சித்தப்பாதான் கவனிக்கிறார், அவருக்கு அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

எஞ்சின் மேல் மூடியின் உள்பக்கத்தில் அழியாத மார்க்கரால் தேதியும் இரண்டு எண்களும் எழுதி வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அதே கேஜ், அதே ஆள் இழுப்பு. இப்போது இரண்டு வரி இருக்கிறது. மேலே 94, 92. அதன் கீழே போன வாரம் எழுதியது, 93, 92.